மாவுக்கட்டு அவிழ்ந்த கதை

சென்ற ஆடி மாதத்தில் என் தங்கை மகனுக்கு வலது முழங்காலில் ரணசிகிச்சை நடந்தது. கபடி ஆட்டத்தில் பாடிப் போனவன், நடுக்கோட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் உடம்பைச் சட்டென்று வளைத்த கணத்தில், பாதம் மண்ணில் பதிந்தபடியே நின்றுவிட, முழங்கால் மட்டும் உடம்போடு திருகிக்கொண்டு, உள்ளே 'டப்' என்று ஏதோ அறுந்த சப்தம் தன் காதிலேயே விழுந்ததென்று சொன்னான். அறுந்தது லிகமென்ட் என்று டாக்டர் சொன்னார். ஜவ்வு என்று ஊரார் சொன்னார்கள். எலும்போடு எலும்பைப் பந்தித்து வைப்பதாகையால் பந்தகம் என்றே நான் இங்கே சொல்லிக்கொண்டு போகிறேன். அவனுடைய பின்தொடையிலிருந்தே தசைநாண் ஒன்றை எடுத்து, மடித்து முறுக்கி, எலும்புகளில் துளையிட்டு, அறுந்த பந்தகத்தின் ஸ்தானத்தில் அதைப் பொருத்தினார்கள்.

ஆச்சரியம் இதில் இல்லை; மறுநாள் காலையில் நடந்ததில்தான் இருந்தது. பிஸியோதெரபிஸ்டாக வந்த பெண், துவாலை ஒன்றைச் சுருட்டி அவன் குதிகாலின் கீழ் வைத்து, முழங்கால் அந்தரத்தில் தொங்கும்படி விட்டு, "கட்டிலைப் பாத்து அமுக்குங்க, இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே, முட்டிக்கும் மெத்தைக்கும் இடையே தன் விரல்களை நுழைத்து இடைவெளியை அளந்தாள். பிறகு வாக்கரைக் கொடுத்து நான்கடி நடக்கவும் வைத்தாள். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தாயாருக்கு இது பொறுக்கவில்லை. "அறுத்துத் தச்ச காலை மறுநாளே மிதிக்கச் சொல்லுதாளே! ஒரு மண்டலமாவது அசையாமக் கெடக்க வேண்டாமாய்யா?" என்று என்னைக் கேட்டாள்.

எண்பது பிராயத்தைத் தாண்டிய கிராமத்து ஸ்திரீயின் அறியாமை என்று இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், என் தாயார் சொன்ன அதே சித்தாந்தத்தைத்தான் ஐரோப்பாவின் தலைசிறந்த ரணவைத்தியர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சாஸ்திரமாகக் கொண்டிருந்தார்கள். இந்தச் சிகிச்சையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் கத்தியின் சரித்திரத்தையும் துளையின் சரித்திரத்தையுமே எழுதியிருக்கிறார்கள். தையல் முடிந்து மயக்கம் தெளிந்தபின் அந்தக் காலும் காலுக்குரியவனும் என்ன பாடுபட்டார்கள் என்பதே எனக்கு அதன் உயிர்நாடியாகத் தோன்றுகிறது.

முழங்காலுக்குள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் இரண்டு பந்தகங்கள் உண்டு. சிலுவைபோல் அமைந்தவை என்ற பொருளில் அவற்றுக்கு லத்தீனில் வழங்கும் பெயரின் மூலத்தை, பெர்கமம் நகரத்தில் வாள்வீரர்களுக்கு வைத்தியராக இருந்து வெட்டுக்காயங்களின் வழியாகவே உடற்கூற்றைப் பயின்ற காலன் வரையில் கொண்டுபோவார்கள். ஆனால் அவை என்ன வேலை செய்கின்றன என்பதைப் பரீட்சித்துப் பார்க்க மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. கோட்டிங்கனில் வில்ஹெல்ம் வெபர், எட்வர்ட் வெபர் என்ற சகோதரர்கள் இருவர், மனிதன் நடக்கும் விதத்தைக் கணித முறையில் ஆராய்ந்து 1836-ல் வெளியிட்ட நூலில், முன்பந்தகம் அறுபட்டால் கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவும் என்பதை எடுத்துக்காட்டினார்கள். இன்றும் டாக்டர் நோயாளியின் காலைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்துப் பார்ப்பது அந்த நழுவலைத் தேடித்தான்.

லியோன் நகரத்து அமடே போனே என்பவர் 1845-ல் மூட்டு வியாதிகளைப் பற்றி எழுதிய பெருநூலில், பந்தகம் அறும்போது கேட்கும் சப்தத்தையும், மூட்டுக்குள் ரத்தம் கட்டி உடனே வீங்குவதையும் குறித்துவைத்தார். என் மருமகன் கேட்ட 'டப்' அந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது. போனேயிடம் நான் மதிக்கும் விஷயம் வேறொன்று. அசையாமல் கிடக்கும் மூட்டு கெட்டுப்போகும் என்பதை உணர்ந்து, கயிறும் கப்பியும் கொண்டு நோயாளி தன் கையாலேயே தன் காலை மடக்கி நீட்டிக்கொள்ளும் கருவிகளை அவர் அமைத்துக் காட்டினார். காலத்துக்கு முந்திப் பிறந்த யோசனை அது. பிறந்த சில வருஷங்களிலேயே அதன்மேல் மாவு பூசி மூடிவிட்டார்கள்.

இதை அலங்காரத்துக்காக நான் சொல்லவில்லை. ஆண்டோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ வைத்தியர், ஜிப்சத் தூளைத் துணியில் தேய்த்து, நீரில் நனைத்துச் சுற்றினால் சில நிமிஷங்களில் கல்லாக இறுகும் கட்டு ஒன்றைக் கண்டுபிடித்து 1852-ல் வெளியிட்டார். நம்மவர்கள் வாயில் மாவுக்கட்டு என்று அழகாகப் பெயர் பெற்ற அந்த வஸ்து யுத்தகளத்தில் எத்தனையோ கால்களைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், கையில் சுத்தியல் இருப்பவனுக்குக் கண்டதெல்லாம் ஆணி என்றாற்போல, எலும்பு முறிவுக்கென்று பிறந்த கட்டு, முறியாத மூட்டுகளுக்கும் கவசமாகிவிட்டது.

ஓய்வு என்ற சித்தாந்தத்துக்கு ஆசாரியர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். லிவர்பூல் துறைமுகத்தில் ஏழைகள் வசித்த பகுதியில், கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டும், பழுதான ஒரு கண்ணை மறைக்கச் சாய்த்து வைத்த தொப்பியுமாகத் திரிந்த ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் பரம்பரையாக எலும்பு கட்டி வந்த குடும்பத்தில் 1834-ல் பிறந்தவர். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஊர்பேர் தெரியாத சிறுவன் ஒருவனே அந்தப் பரம்பரைக்கு மூல புருஷன் என்று ஐதிகம் உண்டு. பட்டம் பெற்ற டாக்டர்களின் வழக்குகளால் அலைக்கழிக்கப்பட்ட தகப்பனார், தம் புதல்வர் ஐவரையும் பட்டம் பெற்ற டாக்டர்களாகவே ஆக்கித் தம் வஞ்சத்தைத் தீர்த்துக்கொண்டார். புத்தூர்க் கட்டை நம்பி இன்றும் ரயிலேறுகிறவர்களைக் கண்டு நகைக்கும் ஆங்கில வைத்தியர்கள், தங்கள் எலும்புச் சாஸ்திரத்தின் தந்தையர்களில் ஒருவர் இப்படிப்பட்ட நாட்டு வைத்தியக் குடும்பத்தின் பிள்ளை என்பதை அறிந்தால் சற்று அடக்கமாக நகைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்த தாமஸ், இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளைப் பற்றி 1875-ல் நூல் எழுதினார். நோயுற்ற மூட்டுக்கு ஓய்வு வேண்டும், அது கட்டாயமானதாகவும் இடையறாததாகவும் நெடுங்காலத்ததாகவும் இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அக்காலத்தில் முழங்கால்களைத் தின்றுகொண்டிருந்த பெருவியாதி க்ஷயம். மருந்தில்லாத அந்த நோய்க்கு ஓய்வைத் தவிர வேறு கதி இல்லாதிருந்தபடியால், அவருடைய கொள்கை அந்தக் காலத்துக்கு நியாயமானதே. அவர் செய்த இரும்புச் சட்டம், அவருடைய உறவினரும் சிஷ்யருமான ராபர்ட் ஜோன்ஸின் முயற்சியால், முதல் உலக யுத்தத்தில் தொடை எலும்பு முறிந்த சிப்பாய்களின் மரண விகிதத்தைப் பெரிதும் குறைத்ததும் உண்மை. ஆனால் க்ஷயத்துக்குச் சொன்ன வாக்கை அறுந்த பந்தகத்துக்கும் சொன்னதாகப் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் பாரிஸ் நகரத்தில் லூகா-ஷாம்பியோனியேர் என்ற ரணவைத்தியர், முறிந்த எலும்பைக்கூட மெல்லத் தேய்த்தும் அசைத்தும் குணப்படுத்தலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ்காரர்களில் மிகச் சிலரே அவருக்குக் காது கொடுத்தார்கள்.

கத்தியின் கதையையும் ஒருவாறு சொல்லிவிடுகிறேன். லீட்ஸ் நகரத்தில் 1895-ஆம் வருஷம், நிலக்கரிச் சுரங்கத்தில் மண் சரிந்து முழங்கால் சிதைந்து, 36 வாரங்களாகத் தடுமாறிக்கொண்டிருந்த 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவனின் முழங்காலைத் திறந்து, அறுந்து கிடந்த இரண்டு பந்தகங்களையும் விலங்குக் குடல் நூலால் மேயோ ராப்சன் தைத்தார். ஆறு வருஷங்களுக்குப் பிறகு பரிசோதித்தபோது அவன் நொண்டாமல் நடந்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். இந்த விவரம் 1903-ல் பிரசுரமாயிற்று. அறுந்த நுனிகளைத் தைப்பது எல்லோருக்கும் பலிக்கவில்லை. கந்தலாகிப்போன நூலை நூலோடு தைப்பது எங்ஙனம்? 1917-ல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹே க்ரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத்திலுள்ள கெட்டியான சவ்விலிருந்து ஒரு பட்டையை எடுத்து, இரண்டு எலும்புகளிலும் சுரங்கம்போல் துளையிட்டு அதன் வழியே செலுத்தி, புதிய பந்தகமே செய்துவிட்டார். இன்று நடக்கும் சிகிச்சையின் வித்து அது. மிலான் நகரத்துக் கலியாட்ஸி 1934-ல் பின்தொடைத் தசைநாணைப் பயன்படுத்தினார். அர்கன்ஸாஸைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ் 1963-ல் முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பாகத்தை எலும்புத் துண்டோடு எடுத்தார்.

இத்தனை பேரும் கடைசியில் வந்து நின்ற இடம் மாவுக்கட்டுதான். கலியாட்ஸி நான்கு வாரம் கட்டினார். அவரைக் கருணையுள்ளவர் என்றே சொல்லவேண்டும், பின்வந்தவர்கள் ஆறு வாரமும் அதற்கு மேலும் கட்டினார்கள். தொடை முதல் கணுக்கால் வரை கல்லுக்குள் கிடந்த காலை, கட்டு உடைக்கும் நாளில் பார்த்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. வட்டக் கத்தி வெண்தூளைப் பறக்கவிட்டுக்கொண்டே இறங்க, இரண்டு ஓடுகளாகக் கட்டு பிளந்ததும், வாடை ஒன்று எழும். செதில் செதிலாக உரியும் தோலின் கீழ், மற்றத் தொடையில் பாதிகூட இல்லாத தொடையொன்று, தன்னுடையதல்ல என்பதுபோல் நோயாளியின் முன்னால் கிடக்கும். மடக்கு என்றால் மடங்காது. நீட்டு என்றால் நீளாது. பந்தகம் பிழைத்தது, முழங்கால் தொலைந்தது.

தசை தேய்ந்து போவதை முதலில் பொறுக்கமாட்டாமல் போனவர் ஓர் அமெரிக்க ராணுவ டாக்டர். பாலியத்தில் வாதஜ்வரத்தால் படுத்துக் கிடந்து, பின்னர் பாரந்தூக்கியே தம் சரீரத்தைத் தேற்றிக்கொண்ட தாமஸ் டிலோர்ம், இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிகாகோவிலிருந்த கார்டினர் ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். முழங்கால் காயங்களோடு மாதக்கணக்கில் கட்டில்களை அடைத்துக்கொண்டு கிடந்த சிப்பாய்களுக்கு, இலேசான பாரத்தைப் பல நூறு தடவை தூக்கும்படி சொல்வதே அன்றைய சம்பிரதாயம். டிலோர்ம் அதைத் தலைகீழாக்கி, பாதத்தில் இரும்புச் செருப்பை மாட்டி, அதில் கனமான பாரத்தைக் கோத்து, சில தடவை மட்டுமே தூக்கச் செய்து, பலம் ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டே போனார். 1945-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்ததே இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 'செட்' என்று இளைஞர்கள் சொல்லும் கணக்கு. கண்ணாடி முன் நின்று புஜத்தைப் பார்த்துக்கொள்ளும் வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தக் கணக்கு நொண்டிய சிப்பாய்களின் முழங்கால்களிலிருந்து வந்தது என்று!

இனி ஜப்பானுக்கு வருவோம். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து உண்டு, தரையில் உட்கார்ந்து பேசி, குந்தி உட்கார்ந்து காலைக்கடன் கழிக்கும் ஒரு ஜனசமூகத்தில், க்ஷயத்தால் முழங்கால் விறைத்துப் போனவன் பந்தியிலிருந்தே விலக்கப்பட்டவன் ஆகிறான். சம்மணமிட்டு இலையின் முன் அமரும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நாற்காலியில் பிறந்து நாற்காலியில் மடியும் சமூகத்துக்கு முழங்கால் ஒரு கீல். நமக்கும் ஜப்பானியருக்கும் அது ஓர் ஆசனம். இந்தக் கவலையால் உந்தப்பட்டே, டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-ல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலொன்றைச் சவத்தின் முழங்காலுக்குள் செலுத்தி, மூட்டைப் பிளக்காமலே உள்ளே பார்க்க வழி தேடினார். அவருடைய சிஷ்யர் மஸாகி வதானபே, குழலுக்கு மேல் குழலாகச் செய்து கழித்து, 21-ஆம் எண்ணிட்ட கருவியில் வெற்றி கண்டு, 1962-ல் கிழிந்த குருத்தெலும்பை அந்தத் துவாரத்தின் வழியாகவே வெட்டியெடுத்தார். 1964-ல் டோக்கியோவுக்கு வந்த கனடா தேசத்து ராபர்ட் ஜாக்ஸன் அவரிடம் அந்த வித்தையைக் கற்று மேற்கே கொண்டுபோனார். 1980-ல் இங்கிலாந்தில் டேவிட் டாண்டி, அக்குழலின் துணையோடு முன்பந்தகத்தைப் புதுப்பித்தார். காயம் விரல் நுனியளவாகச் சுருங்கவே, வலியும் சுருங்கிற்று; காலை அசைக்கக்கூடாது என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இவ்வாறு தானே உதிர்ந்தது.

மற்றக் காரணங்களை உதிர்த்தவை வாயில்லாப் பிராணிகள். 1974-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் நாய்ஸும் அவருடைய சகாக்களும் குரங்குகளின் கால்களை எட்டு வாரம் கட்டிவைத்துப் பார்த்தபோது, அறுபடாத, நோயற்ற பந்தகமே நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு வலுவை இழந்திருந்தது. கட்டை அவிழ்த்து ஐந்து மாதம் இஷ்டம்போல் திரியவிட்ட பின்னும் இழந்தது முழுவதும் திரும்பவில்லை. பந்தகத்தைக் காப்பதற்கென்று கட்டிய கட்டே பந்தகத்தை அரித்தது! டொராண்டோவில் ராபர்ட் ஸால்டர் முயல்களைக் கொண்டு, இடைவிடாத மெல்லிய அசைவு குருத்தெலும்பை வளர்க்கிறது என்று நிரூபித்து, காலைத் தானே மடக்கி நீட்டும் யந்திரத்துக்கு வழிகோலினார். லியோன் நகரத்துக் கயிறும் கப்பியும் நூற்றிருபது வருஷங்களுக்குப் பிறகு மின்சார மோட்டார் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. ஸ்டாக்ஹோமில் எரிக்ஸனும் ஹேக்மார்க்கும் மாவுக்கட்டுக்குப் பதில் கீல் வைத்த கட்டைப் போட்டு, தசை அவ்வளவாகத் தேயவில்லை என்று 1979-ல் காட்டினார்கள்.

இத்தனைக்கும் பிறகு வைத்தியர்களின் பயம் தெளிந்ததா என்றால், இல்லை. காலை முழுவதும் நீட்டினால் புதிய பந்தகம் இழுபட்டுத் தளர்ந்துவிடும் என்று அஞ்சி, சற்றே மடங்கிய நிலையிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். அப்படியே விறைத்துப்போன கால்களோடு நோயாளிகள் திரும்பி வந்தார்கள். இந்த முடிச்சை அவிழ்த்த பெருமை, கீழ்ப்படியாத நோயாளிகளுக்கே உரியது. இண்டியானாபொலிஸ் நகரத்தில் டொனால்ட் ஷெல்போர்ன் என்ற ரணவைத்தியர், தம்மிடம் சிகிச்சை பெற்ற இளைஞர்களில் சிலர், ஊன்றுகோலை எறிந்துவிட்டு, சொன்ன நாளுக்கு முன்பே காலை நீட்டி மடக்கி, நடந்து, ஓடியும் பார்த்தவர்கள் என்று அறிந்தார். இவர்களுடைய பந்தகம் அறுந்து தொங்கவேண்டும். சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது. பரிசோதித்தால், சொன்னபடி கேட்ட சாதுக்களைவிட இந்தத் துஷ்டர்களின் முழங்கால்களே நன்றாக இருந்தன, பந்தகமும் தளரவில்லை. வேறொருவராயிருந்தால் அவர்களைக் கண்டித்து அனுப்பிவிட்டு விஷயத்தை மறந்திருப்பார். ஷெல்போர்ன், துஷ்டர்கள் செய்ததையே முறையாக்கி, சிகிச்சையான உடனேயே காலை முழுக்க நீட்டவும், தாங்குமளவுக்குப் பாரம் ஊன்றவும் எல்லோரையும் பழக்கி, பிஸியோதெரபிஸ்ட் பால் நிட்ஸோடு சேர்ந்து 1990-ல் அதைப் பிரசுரித்தார். என் மருமகனின் குதிகாலுக்குக் கீழ் மறுநாளே ஒரு துவாலைச் சுருள் வந்து சேர்ந்ததன் பூர்வோத்தரம் இதுதான்.

இதோடு கதையை முடித்தால், வேகமே ஜெயித்தது என்று தோன்றும். 1980-களில் அப்படியொரு மயக்கம் இருக்கத்தான் செய்தது. கரிநார், டேக்ரான் முதலிய செயற்கை நூல்களால் பந்தகம் செய்து பொருத்தினால் உடனே ஆடப் போகலாம் என்று எண்ணினார்கள். டாண்டி முதலில் பொருத்தியதும் கரிநார்ப் பந்தகமே. அந்த நூல்கள் நைந்து, அறுந்து, துகளாகி மூட்டை வீங்கச் செய்யவே, அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள். சொந்தச் சரீரத்திலிருந்து எடுத்த நாணுக்கோ வேறொரு நியதி உண்டு. இடம் பெயர்ந்த நாண் முதலில் ரத்த ஓட்டமின்றி உயிரிழந்து, அதன்பின் புதிய ரத்தக் குழாய்கள் ஊடுருவி, புதிய உயிரணுக்கள் குடியேறி, மாதங்கள் செல்லச் செல்லவே பந்தகத்தின் குணத்தை அடைகிறது. நடுவில் அது மிகப் பலவீனமாயிருக்கும் காலத்தில்தான் நோயாளிக்கு வலி நீங்கி, வீக்கம் வடிந்து, தான் குணமாகிவிட்டதாக நம்பிக்கை பிறக்கிறது. இந்த விபரீதப் பொருத்தத்தை நினைத்தால் இயற்கைக்கு ஹாஸ்ய உணர்ச்சி உண்டென்றே படுகிறது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, ஒன்பது மாதம் வரையில் களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடுந்தோறும் மறுபடி காயம்படும் விகிதம் ஏறக்குறையப் பாதி குறைகிறது என்று கண்டது.

கத்தியே எல்லோருக்கும் வேண்டுமா என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. ஸ்வீடனில் முன்பந்தகம் அறுந்த இளைஞர் 121 பேரில் 62 பேருக்கு உடனே ரணசிகிச்சை செய்து, மற்ற 59 பேருக்குப் பயிற்சி மட்டுமே கொடுத்து, தேவைப்பட்டால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில், இரண்டு வருஷத்தில் 23 பேரே கத்திக்கு வந்தார்கள். இரு சாராரின் நிலைமையிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2010-ல் அறிவித்தார்கள். இதை நான் என் மருமகனிடம் சொல்லவில்லை. துளையிட்டாகிவிட்டதே!

இப்போது மார்கழி. அவன் முழங்கால் நேராக நீள்கிறது. வீட்டுக் கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு பாதி வரை குந்தி எழுகிறான். சம்மணமிடும்போது மட்டும் வலது முழங்கால் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. பொங்கல் ஆட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்ட பிஸியோதெரபிஸ்ட், சித்திரை பிறக்கும்வரை கோட்டுப் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்த என் தாயார், "ஒரு மண்டலம்னு நான் சொன்னதுக்குச் சிரிச்சீக. இவ ஆறு மண்டலம்லா சொல்லுதா!" என்றாள். அவன் பதில் பேசாமல் துவாலையைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்துக்கொண்டான்.